மதிப்பெண் பட்டியலில் திறன்களைப் பதிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளில் இப்போது திறன் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. பயிற்சி முடிந்தால் சான்றிதழும் கையில் கிடைத்துவிடுகிறது. அந்தத் திறன் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் எப்படி ஏற வேண்டும், கணினி படித்துப் புரிந்துகொள்ளும்படி எப்படிப் பதிய வேண்டும் என்பதில்தான் குழப்பம். மாணவர்கள், பெற்றோர், துறைத் தலைவர்கள், தேர்வுப் பிரிவு ஊழியர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே, மதிப்பெண் பட்டியலிலும் ஏன் வர வேண்டும்?

தனிச் சான்றிதழை யாரும் எளிதில் சரிபார்க்க முடியாது என்பதே காரணம். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளும். அதற்கென்று வழிமுறை இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, பொறுப்பான அலுவலர் இருக்கிறார். ஆனால் கோப்பில் செருகிய பத்துப் பன்னிரண்டு பயிற்சிச் சான்றிதழ்களை எங்கே அனுப்புவது? பயிற்சி தந்த நிறுவனம் மூடியிருக்கலாம், இணையதளமே இல்லாமல் போயிருக்கலாம். எனவே தேர்வாளர் அவற்றை ஒரு புரட்டுப் புரட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். உண்மையாக உழைத்துப் பெற்ற சான்றிதழும், ஒரு நாள் உட்கார்ந்து எழுந்ததற்குக் கிடைத்த சான்றிதழும் ஒரே கதியை அடைகின்றன.

இதனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இழப்பு இல்லை. பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவருக்குக் கல்லூரியின் பெயரே பேசும். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான சிற்றூர் ஒன்றில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அப்படிப் பேச யாரும் இல்லை. அவருக்காகப் பேசக்கூடியது நம்பத்தக்க பதிவு ஒன்றுதான். இந்த வேலையைத் தேர்வுப் பிரிவின் கூடுதல் சுமையாகப் பார்ப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எந்தத் திறனை ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று சொல்லலாம்?

என்ன கற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கற்றாரா என்பதை ஒருவர் மதிப்பிட்டிருக்க வேண்டும். அந்த மதிப்பீட்டுக்குச் சட்டப்படியான பொறுப்பு ஏற்கும் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும். அது பல்கலைக்கழகமாகவே இருக்கலாம். கல்விக்குழு ஒப்புதல் அளித்த திறன் தாள்கள் இந்த வகை. தொழிற்கல்விப் பக்கமாக வந்தால், சான்று வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் அங்கீகரிக்கும் வேலையைத் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் செய்கிறது. 2018இல் அறிவிக்கப்பட்டு 2020இல் செயல்படத் தொடங்கிய அமைப்பு அது.

வருகைப் பதிவை மட்டும் வைத்துத் தந்த சான்றிதழ் இதில் சேராது. ‘பங்கேற்றார்’ என்பதற்கும் ‘செய்யத் தெரியும்’ என்பதற்கும் நடுவில் மதிப்பீடு என்ற ஒன்று நடந்திருக்க வேண்டும்.

நம் பட்டியலில் பகுதி 4, பகுதி 5 என்று ஏற்கெனவே இருக்கின்றனவே? அவை போதாதா?

தமிழ்நாட்டின் கலை அறிவியல் பட்டப் படிப்புகளில் இந்த அமைப்பு நெடுங்காலமாக இருப்பது உண்மை. முதல் பகுதி மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடங்கள். நான்காவதில் திறன் சார்ந்த தாள்களும் சுற்றுச்சூழல் கல்வியும் விழுமியக் கல்வியும் வருகின்றன. ஐந்தாவது விரிவாக்கப் பணி: நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலியவை. கட்டமைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்குள் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தொண்டராகச் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். அந்த முகாமில் ஒருவர் நூறு பேருக்கான சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்திருப்பார். இன்னொருவர் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பு நடத்தி அறிக்கை எழுதியிருப்பார். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் வருவது ஒரே வரி: ‘விரிவாக்கப் பணி, 1 கிரெடிட், நிறைவு’. தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். அந்தக் கணக்கில் 240 மணி என்பது எட்டு கிரெடிட் அளவு உழைப்பு. முறையான மதிப்பீடு இல்லாமல் எட்டு கிரெடிட்டைத் தூக்கிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. மதிப்பீட்டை ஏற்படுத்தினால் கொடுக்க முடியும். அதைச் செய்யாமல் ஒற்றை வரியில் முடித்துவிடுவது அந்த மாணவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

ஒரு திறனை முழுமையாகப் பதிய என்னென்ன தகவல் வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ‘தரவுப் பகுப்பாய்வு – 72 – தேர்ச்சி’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? எக்செல்லில் கூட்டிக் கழித்தாரா, பைதானில் நிரல் எழுதினாரா? பதினைந்து மணி நேரம் படித்தாரா, தொண்ணூறு மணி நேரமா? வினாத்தாளில் பதில் எழுதினாரா, உண்மையான தரவைக் கையாண்டு காட்டினாரா? எதுவுமே தெரியாது.

அதே வரியைப் பிரித்து எழுதிப் பாருங்கள். தாளின் குறியீட்டு எண். தலைப்பு. ‘ஒரு தரவுத் தொகுப்பில் உள்ள பிழைகளைக் கண்டறிந்து நீக்குவார், சுருக்க அட்டவணையும் வரைபடமும் உருவாக்குவார்’ என்று கற்றல் விளைவைச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள். நிலை 4.5. கற்றல் நேரம் 60 மணி, 2 கிரெடிட். மதிப்பீட்டு முறை செய்முறைத் தேர்வும் திட்ட அறிக்கையும். மதிப்பிட்டவர் கல்லூரி அகத் தேர்வாளரும் புறத் தேர்வாளரும். சான்று வழங்குவது பல்கலைக்கழகம். முடிவு 72, தேர்ச்சி. முடிந்த நாள். இப்போது படிப்பவர் தானே முடிவெடுக்கலாம், யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை.

இவற்றில் நிலை, நேரம், மதிப்பிட்டவர், மதிப்பிட்ட முறை ஆகிய நான்கும் விடுபட்டால் திறன் பதிவு வெறும் பெயர்ப் பலகை. நான் எந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்தாலும் இந்த நான்கையும்தான் முதலில் தேடுவேன்.

அந்த ‘நிலை 4.5’ எங்கிருந்து வந்தது?

பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட தேசியக் கிரெடிட் கட்டமைப்பிலிருந்து. பள்ளிக் கல்வி நிலை 4இல் முடிகிறது. இளநிலை முதலாண்டு 4.5, இரண்டாமாண்டு 5, மூன்றாமாண்டு 5.5, முனைவர் பட்டம் 8. தொழிற்பயிற்சியையும் இதே ஏணியில் வைக்கிறார்கள் என்பதால், ஐ.டி.ஐ. வழியாக வந்தவரின் திறனையும் கல்லூரி வழியாக வந்தவரின் திறனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

தரவுத் தரநிலை என்றால் என்ன? கணினித் துறைக்காரர்கள் கவலைப்பட வேண்டியதல்லவா?

எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் எழுதுவது என்று பலர் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடே தரவுத் தரநிலை. 03-04-2024 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காவில் படிப்பவருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என்று எழுதச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரநிலை. சிறிய விஷயம்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவை இன்னொன்றின் மென்பொருள் தவறில்லாமல் படிக்க இப்படிப்பட்ட சிறிய உடன்பாடுகள் பல தேவை.

நிரல் எழுதுவது கணினித் துறையின் வேலை. எந்தக் கட்டங்கள் வேண்டும், ‘தேர்ச்சி’ என்றால் என்ன பொருள் என்று முடிவு செய்வது கல்வியாளர்களின் வேலை. அதை மென்பொருள் விற்பனையாளரிடம் விட்டுவிட்டால் அவர் தமக்கு எளிதானதைச் செய்துவிட்டுப் போவார்.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஐரோப்பாவில் பட்டத்துடன் ‘டிப்ளமா சப்ளிமென்ட்’ என்ற இணைப்பு ஆவணம் தருகிறார்கள். ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மன்றம், யுனெஸ்கோ மூன்றும் சேர்ந்து உருவாக்கியது அது. எட்டுப் பிரிவுகள், எந்த நாட்டில் வாங்கினாலும் அதே எட்டு, அதே வரிசை. 2005 முதல் பட்டம் பெறும் எல்லோருக்கும் கேட்காமலே, கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று 2003இல் பெர்லினில் கூடிய கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பிரிட்டன் அதன் மேல் ஒரு படி கட்டியது. ‘முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு’ என்ற ஒற்றைச் சொல் ஒரு மாணவரின் மூன்றாண்டு உழைப்பைச் சொல்லப் போதாது என்று ராபர்ட் பர்ஜஸ் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் உயர்கல்விச் சாதனை அறிக்கை. 2008இல் சோதனை முறையில் தொடங்கி, 2012இல் பரவலாகப் பின்பற்றும்படி பரிந்துரைக்கப்பட்டது.

அதன் 6.1ஆம் பிரிவு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. பாடத்திட்டத்துக்கு வெளியே மாணவர் செய்தவற்றை அங்கே மூன்றாகப் பிரிக்கிறார்கள். முறையாக மதிப்பிடப்பட்டவை ஒரு வகை. மதிப்பீடு இல்லாவிட்டாலும் நடந்தது உண்மைதான் எனப் பல்கலைக்கழகம் உறுதி செய்யக்கூடியவை, உதாரணமாக மாணவர் பிரதிநிதியாக இருந்தது, இன்னொரு வகை. பரிசுகளும் விருதுகளும் மூன்றாவது. பல்கலைக்கழகம் சரிபார்க்க முடியாத எதற்கும் இடமில்லை. நம் பகுதி 5ஐ இப்படி மூன்றாகப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தேர்வு எழுதிப் பெற்ற தேசிய மாணவர் படையின் ‘பி’, ‘சி’ சான்றிதழ்கள் முதல் வகையில் வரும். முகாமில் கலந்துகொண்டது இரண்டாவதில் வரும். ஒன்றின் மதிப்பை மற்றொன்று கெடுக்காது.

இந்த அறிக்கையைக் கணினிகளிடையே அனுப்ப, கற்போரின் சாதனைத் தகவலுக்கான இ.என். 15981 என்ற ஐரோப்பியத் தரநிலை 2011இல் வந்தது. கணினிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் எக்ஸ்.எம்.எல். வடிவங்களுக்கு அது அடிப்படையாக அமைந்தது.

ஓப்பன் பேட்ஜஸ், வெரிஃபையபிள் கிரெடென்ஷியல்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மொசில்லா அறக்கட்டளை 2011இல் தொடங்கிய முயற்சி ஓப்பன் பேட்ஜஸ். திறனுக்கான சிறு படச் சின்னத்துக்குள்ளேயே யார் கொடுத்தது, எதற்காக, எந்த அளவுகோலின்படி என்ற தகவல்களைப் பதித்து வைப்பார்கள். இப்போது அதைப் பராமரிப்பது ஒன்எட்டெக் என்ற கூட்டமைப்பு. ஒரு மாணவரின் எல்லாப் பதிவுகளையும் ஒரே தொகுப்பாக்கும் ‘கற்போர் முழுப் பதிவு’ என்ற தரநிலையும் அவர்களுடையதே.

வெரிஃபையபிள் கிரெடென்ஷியல்ஸ் என்பது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019இல் வெளியிட்டது. 2025இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பல்கலைக்கழகம் தன்னிடம் மட்டுமே உள்ள மறைகுறியீட்டுச் சாவியால் பதிவில் கையொப்பமிடும். அதற்கு இணையான பொதுச் சாவி எல்லோருக்கும் கிடைக்கும்படி இருக்கும். பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. எனவே சரிபார்ப்பவர் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓப்பன் பேட்ஜஸ் 3.0 பதிப்பு இந்த முறையின் மேல்தான் அமைந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கையொப்பம், பதிவு மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே உறுதி செய்யும். மாணவருக்கு அந்தத் திறன் உண்டா என்பதை மதிப்பீடு ஒன்றுதான் உறுதி செய்யும். மோசமான மதிப்பீட்டுக்கு எவ்வளவு வலுவான கையொப்பம் இட்டாலும் அது மோசமான மதிப்பீடே.

ஏ.பி.சி. (கல்விக் கிரெடிட் வங்கி) கணக்கு இருக்கிறது. என் சான்றிதழை நானே ஏற்றலாமா?

முடியாது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கிரெடிட் வங்கி விதிமுறைகளின்படி, கிரெடிட்டை ஏற்றும் உரிமை பதிவு பெற்ற கல்வி நிறுவனத்துக்கு மட்டுமே. மாணவரிடமிருந்து நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. இந்தக் கட்டுப்பாடுதான் அந்தப் பதிவுக்கு மதிப்பைத் தருகிறது. சேர்ந்த கிரெடிட்டுகள் பொதுவாக அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லுபடியாகும்.

டிஜிலாக்கரில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை அசலாக ஏற்பார்களா?

வழங்கிய நிறுவனமே அதில் சேர்த்த ஆவணம் என்றால் அசலுக்குச் சமம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2016 விதிகள் அப்படிச் சொல்கின்றன. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது.

என் பெயர் பொருந்தவில்லை என்று பதிவு நிராகரிக்கப்பட்டது. ஏன்?

இது தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் இருக்கிறது. ஒரு மாணவியின் பெயர் மு. கார்த்திகா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திகா மு’. ஆதாரில் ‘கார்த்திகா முருகேசன்’. கல்லூரிப் பதிவேட்டில் ‘மு.கார்த்திகா’, நடுவில் புள்ளி, இடைவெளி இல்லை. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவரே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு மூன்று பேர்.

வெளியூர்த் தரநிலைகள் பலவற்றில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் சில மென்பொருள்கள் ஏற்பதில்லை. உடனே ஊழியர் ஒருவர் தலைப்பெழுத்தை அங்கே போடுவார். இன்னொருவர் தந்தை பெயரைப் போடுவார். மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். ஒரே வகுப்பில் மூன்று விதம்.

தீர்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரிப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா எனப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இறுதியாண்டில் தொடங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும். கல்லூரிகள் முழுப்பெயரை ஒரே கட்டத்தில், சான்றிதழில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் காணப் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாகத் தரப்படும் பன்னிரண்டு இலக்க அபார் எண்ணை நம்ப வேண்டும். பெயரை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள் நம் ஊரில் சரியாக வேலை செய்யாது. தரநிலைகளை வகுப்பவர்கள் முன் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

எக்செல் கோப்பில் எண்கள் மாறிவிடுகின்றன. யார் தவறு?

பன்னிரண்டு இலக்க எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் அதைச் சுருக்கி, புள்ளியும் ‘இ+11’ம் கலந்த வடிவில் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். பிறகு மீட்க முடியாது. பதிவெண்ணின் முன்னால் உள்ள பூச்சியமும் காணாமல் போகும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வடிவுக்கு மாற்றிவிடுங்கள். சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து ஒருமுறை பார்த்த பிறகே அனுப்புங்கள்.

‘நான் முதல்வன்’ பயிற்சி மதிப்பெண் பட்டியலில் வருமா?

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் இத்திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. பாடத்திட்டத்துக்குள்ளேயே கிரெடிட்டுடன் சேர்க்கப்பட்ட பயிற்சி என்றால் மற்றத் தாள்களைப் போல வரும். எந்தப் பயிற்சி, எத்தனை கிரெடிட் என்பதை உங்கள் பல்கலைக்கழக ஒழுங்குமுறைகளில் பாருங்கள். பயிற்சி தந்த நிறுவனத்தின் பெயரும் பதிவில் தனிக் கட்டமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே தலைப்பில் பல நிறுவனங்கள் பயிற்சி தரும்போது அது அவசியம்.

இணையத்தில் நானாகவே முடித்த படிப்புகள்?

மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் தேர்வு எழுதித் தேறியவற்றுக்கு, உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் கிரெடிட் கிடைக்கும். ஒரு செமஸ்டரின் தாள்களில் 40 விழுக்காடு வரை அப்படிப் படிக்க மானியக் குழுவின் 2021 விதிமுறை இடம் தருகிறது. சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். மற்றவை உங்கள் சுயவிவரக் குறிப்பில் இருக்கட்டும்.

திறன் தாளில் குறைந்த மதிப்பெண் வந்தால் என் வகுப்பு பாதிக்குமா?

பகுதி 4, 5 மதிப்பெண்களைப் பல பல்கலைக்கழகங்கள் வகுப்பு நிர்ணயத்துக்கு எடுப்பதில்லை. ஆனால் தேறாமல் பட்டம் கிடைக்காது.

ஒரே திறனுக்குக் கல்லூரிக்கு ஒரு பெயர் வைக்கிறார்களே?

‘தொடர்பாடல் திறன்’, ‘மென்திறன்’, ‘ஆளுமை மேம்பாடு’ என்று மூன்று தலைப்புகளில் ஒரே பாடத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரே தலைப்பில் முற்றிலும் வேறான பாடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதற்காக ‘எஸ்கோ’ என்ற பொதுப் பட்டியலை வைத்திருக்கிறது. 13,000க்கும் மேற்பட்ட திறன்கள், ஒவ்வொன்றுக்கும் மாறாத இணைய முகவரி. தலைப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், பதிவில் அந்த முகவரியைச் சேர்த்தால் போதும். நம் நாட்டில் தேசியத் தகுதிப் பதிவேட்டில் உள்ள தகுதிகளுக்குக் குறியீடு உண்டு. பொருந்தும் இடங்களில் அதைச் சேர்ப்பது நல்லது. வலிந்து பொருத்துவது கூடாது. தவறான குறியீட்டைவிடக் காலிக் கட்டம் மேல்.

எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் காட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. நிறுவனம் கேட்பது ஒரு திறன் என்றால் அந்தப் பதிவை மட்டும் பகிரும் வசதியை மென்பொருள் தர வேண்டும். 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவையான அளவு தரவை, ஒப்புதலுடன் கையாளும்படியே சொல்கிறது. சாதி, தந்தையின் தொழில், உடல்நலம் போன்றவை திறன் பதிவுக்குள் வரவே கூடாது. விண்ணப்பப் படிவத்தில் இருந்ததை அப்படியே நகலெடுக்கும்போது இவை நுழைந்துவிடுவதுண்டு.

எங்களுடையது சிறிய கல்லூரி. எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். அடுத்த செமஸ்டரில் நடக்கவிருக்கும் ஒரே ஒரு திறன் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கட்டங்களை ஒரு விரிதாளில் தலைப்புகளாக இடுங்கள். பாடம் நடத்தும் ஆசிரியரை உட்காரவைத்துக் கற்றல் விளைவை இரண்டு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். அங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது; பலருக்கும் முதல் முறை ‘மாணவர் அறிவார், புரிந்துகொள்வார்’ என்றே வரும். எதைச் செய்து காட்டுவார் என்று மறுபடி கேளுங்கள்.

பிறகு அந்த விரிதாளைத் தேர்வு நடப்பதற்கு முன்பே நிரப்புங்கள், முடிவும் தேதியும் மட்டும் காலியாக இருக்கட்டும். தேர்வு முடிந்ததும் நிரப்பி, வகுப்பில் ஐந்து மாணவர்களிடம் அவரவர் வரியைக் கொடுத்து, ‘நீங்கள் கற்றதை இது சரியாகச் சொல்கிறதா?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு பாடத்திட்டக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால், இணைப்புப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மாதிரியுடன் கடிதம் எழுதுங்கள். வெறும் கோரிக்கையாகப் போவதைவிட, நிரப்பிய மாதிரியுடன் போகும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.